நாளைக்கு உங்க மரம் எது?

"அந்த போட்டோவை அழிங்க!"

கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு இப்படி அதட்டியவள் பெகிமாய். அதட்டல் வாங்கியவன் ஒரு கையில் போனும் மறு கையில் பாதி கடித்த சம்சாவுமாகத் திரும்பினான்.

"எந்த போட்டோவை?"

"இப்ப எடுத்தீங்களே... என்னை."

"உங்களை யாருங்க எடுத்தா? நான் மரத்தை எடுத்தேன்."

"மரத்துக்கு முன்னால நான்தானே நிக்கிறேன்?"

"அது என் தப்பா, மரத்தோட தப்பா?"

பிஷ்கெக்கின் அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் கரகாச் மரங்கள். தெருவை அகலப்படுத்த வேண்டுமாம். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து வெட்ட வேண்டிய மரங்களுக்கெல்லாம் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெட்ட விடாமல் மரங்களுக்குக் காவல் நின்ற கூட்டத்தில், அந்தக் குறிகளின்மேல் பழைய திரைச்சீலைத் துணியைக் கட்டி மறைப்பது பெகிமாயின் வேலை. பள்ளிக்கூட முனையில் அன்றைய முதல் மரத்துக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் இவன் வந்து போனைத் தூக்கினான்.

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். இமையில் மழைத்துளி நிற்கிற கண்கள்... உதடு சிரிக்காவிட்டாலும் தாமே சிரித்துவிடுகிற கண்கள். வேவு பார்க்க வருகிறவனுக்கு இப்படிப்பட்ட கண்கள் எதற்கு? ஏன் இருக்கக் கூடாது... நல்ல முகமாகப் பார்த்துத்தானே அனுப்பி வைப்பார்கள்!

"அழிச்சாச்சு, பாருங்க." போனை அவள் பக்கம் நீட்டினான். "நீங்களும் போயாச்சு, மரமும் போயாச்சு. திருப்தியா?"

"மரத்தை எதுக்கு எடுக்கணும்?"

"எனக்குத் தெரிஞ்ச மரம்."

"மரத்தைப் போய் யாராவது தெரிஞ்சவங்கன்னு சொல்லுவாங்களா?"

"நீங்க கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம். நான் தெரிஞ்சதுன்னு சொல்லக் கூடாதாக்கும்?" என்றவன், சம்சாவை வாயில் கவ்விக்கொண்டு துணியின் மறு முனையைப் பிடித்துக் கொடுத்தான். முடிச்சு இறுகியது. "எல்தியார்னு பேரு. நானும் உங்க கூட்டத்துல சேரலாமா?"

சேரலாம்தான். யார் வேண்டுமானாலும் சேரலாம். அந்தக் கூட்டத்தின் பலமும் அதுதான், பயமும் அதுதான். அவர்களுக்குத் தலைவர் கிடையாது. தலைவர் என்று ஒருவர் இருந்தால் அவரை விலைக்கு வாங்கிவிடுவார்கள், அல்லது உள்ளே தள்ளிவிடுவார்கள் என்பதை அந்த ஊர் நன்றாகவே பார்த்திருந்தது. கட்சிக்காரர்கள் யாராவது மெதுவாக வந்து எட்டிப் பார்த்தால் ஒரு கிண்ணம் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டெலிகிராமில் ஒரு குழு... அதில் செய்தி உண்டு, சண்டை உண்டு, கிண்டல் உண்டு. ஆனால் மறுநாள் யார் எந்த மரத்தடியில் நிற்பது என்பதை மட்டும் அங்கே எழுதுவதில்லை. அதை ஜிபெக் ஒவ்வொருவர் காதிலும் நேரில் சொல்லுவாள். ஜிபெக் என்பவள் பெகிமாயின் தோழி, இசைப்பள்ளியில் பியானோ வாசிப்பவள், காதோடு பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ரகசியம் கசிந்தது. இவர்கள் ரொட்டிக்கடை முனையில் நின்றால் ரம்பம் பள்ளிக்கூட முனைக்கு வந்தது. பள்ளிக்கூட முனைக்கு ஓடினால் நடுத்தெருவில் மரம் சாய்ந்தது. யாரோ உள்ளேயிருந்து சொல்லுகிறார்கள்...

யார்?

பெகிமாய்க்கு அதில் சந்தேகமே இல்லை. தினமும் சாயங்காலம் அவள் போனுக்கு ஒரே ஒரு கேள்வி வந்துவிடும்.

நாளைக்கு உங்க மரம் எது?

கேட்கவே கூடாத அந்தக் கேள்வியைத் தினமும் தவறாமல் கேட்கிறவன் எல்தியார். "தெரியாது" என்று அவளும் தினமும் தவறாமல் பதில் போடுவாள். ஆனாலும் காலையில் தெரு முழுக்கத் தேடி, அவள் நிற்கிற மரத்துக்கே வந்து சேருவான். "அட, இங்கதான் இருக்கீங்களா?" என்று அப்பாவி மாதிரி ஒரு சிரிப்பு வேறு. சிறிது நேரம் நிற்பான். பிறகு கடிகாரத்தைப் பார்ப்பான், ஓடிவிடுவான். எங்கே ஓடுகிறான்? யாரிடம் போய்ச் சொல்லுகிறான்?

ஒரு நாள் கேட்டேவிட்டாள். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"பல்லு" என்றான்.

"என்னது?"

"பல்லுங்க... பல்லு செய்யறேன்" என்று தன் பல் வரிசையைக் காட்டிச் சிரித்தான்.

பல்லாம் பல்லு! பொய் சொல்லுகிறவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லக் கூடாதா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவன் வரத் தாமதமானால் பெகிமாயின் கண் தெருக்கோடிக்குப் போகும். வேவுகாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று கவனிக்கத்தான்... என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"அந்த ஆளைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கியேடி" என்றாள் ஜிபெக். "சந்தேகமா, வேற ஏதாவதா?"

"சந்தேகம்தான்! நிரூபிச்சுக் காட்டறேன் பாரு."

பொறி தயாரானது. அன்று சாயங்காலம் வழக்கமான கேள்வி வந்ததும் பெகிமாய் முதல் முறையாகப் பதில் எழுதினாள். ரொட்டிக்கடை முனை, எல்லாரும் அங்கேதான் நிற்கப் போகிறோம், யாரிடமும் சொல்ல வேண்டாம். "சரி!!!" என்று உடனே பதில் வந்தது. அத்தனை ஆச்சரியக்குறி எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

உண்மையில் ரொட்டிக்கடை முனையில் அவள் ஒருத்திதான் நிற்பாள். மற்ற எல்லோரும் ஜிபெக்கோடு பள்ளிக்கூட முனைக்கருகே ஒரு கட்டடத்துக்குள் ஒளிந்திருப்பார்கள். ரொட்டிக்கடை முனையைத் தவிர்த்து ரம்பம் அங்கே வந்தால் சொன்னவன் அவன்தான். அவனைத் தவிர வேறு ஒருவரிடமும் அவள் ரொட்டிக்கடை முனை என்று சொல்லவில்லை... அம்மாவைத் தவிர. அம்மாவிடம் சொல்லுவதெல்லாம் சொல்லுவதில் சேர்த்தியா? எங்கே போகிறாள் என்று தெரியாமல் எந்த அம்மா மகளை வாசல் தாண்ட விடுவாள்?

காலையில் மழை தூறியது. தந்தூரிலிருந்து ரொட்டி வாசனை வந்தது. எல்தியார் அன்று சீக்கிரமே வந்திருந்தான். தலைமுடியைப் படிய வாரியிருந்தான். சூடான ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டினான்.

"மத்தவங்க யாரையும் காணோமே?"

"வருவாங்க" என்றாள், அவன் கண்ணைப் பார்க்காமல்.

"வராட்டியும் பரவாயில்லை..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அப்போது அவள் போன் அலறியது.

"வந்துட்டாங்கடி!" ஜிபெக்கின் குரல் தெருவுக்கே கேட்டது. "பள்ளிக்கூட முனைக்கு! நாங்க படியிறங்கி ஓடி வர்றதுக்குள்ள ஒண்ணு போச்சு... முதல் நாள் நீ துணி கட்டினியே, அந்த மரம்தான். மத்ததைக் காப்பாத்திட்டோம்."

எல்தியாரின் கையிலிருந்த ரொட்டி நழுவித் தெருவோர வாய்க்காலில் விழுந்தது. முகம் வெளிறிப்போயிற்று. மாட்டிக்கொண்டான் அல்லவா, வெளிறத்தானே செய்யும் என்று நினைத்தாள் பெகிமாய்.

"நடிக்காதீங்க! இந்த இடத்தை உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். உங்களைப் பிடிக்கத்தான் சொன்னேன். எவ்வளவு குடுத்தாங்க?"

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்கள் அன்றைக்குத்தான் சிரிக்கவில்லை.

"அப்ப... என்னை இங்க வரச் சொன்னது இதுக்குத்தானா?"

மழையில் நனைந்துகொண்டே நடந்து போய்விட்டான். பெகிமாய் அங்கேயே நின்று, எல்தியார்தான் உளவாளி, நீக்கிவிட்டேன் என்று குழுவில் எழுதினாள். பாராட்டுகள் வந்து குவிந்தன. ஜெயித்த மாதிரியே இல்லை.

மத்தியானம் வீட்டில் அம்மா குல்பாரா பூர்சோக் பொரித்துக்கொண்டிருந்தாள். மாவுக் கையால் போனைத் தட்டி சத்தமாக வைத்தாள். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே வந்திருந்த பெரியம்மாவின் குரல் கேட்டது. "பெகிமாய் கண்ணு, ரொட்டிக்கடை முனையில குளிருமே, கம்பளி சாக்ஸ் போட்டியா? நீ நிக்கிற இடம் உனக்கு நல்லதாகவே இருக்கட்டும்... ஓமீன்!"

பெகிமாயின் கையில் டீக்கிண்ணம் அப்படியே நின்றது.

"அம்மா... ரொட்டிக்கடை முனைன்னு பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? பெரியவங்க கையை விரிச்சு பாதா குடுக்காம என் பொண்ணைப் போராட்டத்துக்கு அனுப்பிடுவேனா? தினமும் முதல் நாளே எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் கேட்டு வாங்கிடறேன்."

"இடத்தைச் சொல்லியா கேட்டே?"

"பின்னே? எங்கே போறா, எதுக்குப் போறான்னு சொன்னாத்தானே ஆசீர்வாதம் சரியா வந்து சேரும்? விலாசம் இல்லாம கடுதாசி போடுவியாடி நீ?" அம்மா பெருமையாகச் சிரித்தாள். "எல்லாரையும்விட நம்ம குபாத் மாப்பிள்ளைதான் சுறுசுறுப்பு. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள ஓமீன் போட்டுடுவார்!"

குபாத்... பெரியம்மாவின் மருமகன். ஒப்பந்தக்காரரின் கார் டிரைவர்.

டீ சிந்தி மேஜை விரிப்பெல்லாம் பரவியது. பெகிமாய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்தாள். அவள் முகம் அப்படிச் சிவந்து பெகிமாய் பார்த்ததே இல்லை.

"என் கையை விரிக்க வச்சு, அதுல இருந்து எடுத்துக்கிட்டுப் போய்க் குடுத்தானா?"

"அம்மா, ஒண்ணு செய்யலாம். நாளைக்குப் பொய்யா வேற ஒரு இடத்தைச் சொல்லி..."

"பாதாவுல பொய்யா? நாக்கு அழுகிடும்டி!" போனை எடுத்து, வாயருகே வைத்து, குழுவில் பேசினாள். "எல்லாரும் கேளுங்க. இனிமே போன்ல ஆசீர்வாதம் வேண்டாம். நாளைக்குக் காலையில பள்ளிக்கூட முனைக்கு எல்லாரும் வாங்க. மரத்தடியில விரிப்புப் போடறேன், பூர்சோக் இருக்கு, டீ இருக்கு. நேர்ல உட்கார்ந்து என் பொண்ணுக்குக் கையை விரிங்க. குபாத் மாப்பிள்ளை, நீங்க கட்டாயம் வரணும். உங்களுக்குத்தான் முதல் கிண்ணம்."

விரிப்பில் உட்கார்ந்திருக்கிற இத்தனை அத்தைகளையும் சித்திகளையும் எழுப்பிவிட்டு மரம் வெட்டுவதற்கு அந்த ஊரில் எவனுக்கும் தைரியம் கிடையாது. மரத்தைப் பற்றி பெகிமாய்க்குக் கவலை போயிற்று. ஆனால்...

எல்தியார்?

எல்லோர் முன்னாலும் உளவாளி என்று எழுதிய கை அவளுடையது. போனை எடுத்தாள், வைத்தாள். மன்னிப்பு என்று எழுதினாள், அழித்தாள். நானா போய்க் கேட்பது? அவன் ஏன் தினமும் அப்படிக் கேட்டானாம்? சந்தேகம் வராமல் என்ன செய்யும்? இப்படித் தனக்காகவே எவ்வளவோ வாதாடிப் பார்த்தாள். ரொட்டி வாய்க்காலில் விழுந்த அந்த நிமிஷம் மட்டும் கண்முன்னால் இருந்து போகவே மாட்டேன் என்றது. கடைசியில் ஜிபெக்குக்குப் போன் செய்தாள்.

"உன் பல்லுக்காரனா? பள்ளிக்கூட முனையில கடை வச்சிருக்கான்டி. பக்கத்துக் கடைக்காரங்க சொன்னாங்க... விழுந்தது அவன் ஜன்னல் மரமாம்."

எனக்குத் தெரிஞ்ச மரம்.

பெகிமாய் கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

சின்னப் பட்டறை அது. அலமாரி நிறைய பல் செட்டுகள் அவளைப் பார்த்து இளித்தன. அவன் உண்மையாகவே பல்தான் செய்கிறான்! ஜன்னலுக்கு வெளியே புது வெட்டுப்பட்ட அடிமரம். அதில் அவள் கட்டிய திரைத்துணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த மரத்துக்குக் காவல் நிற்க வேண்டியவனைப் பொய் சொல்லித் தெருவின் மறு கோடிக்கு இழுத்துப் போனவள் யார்? அவள்தானே...

எல்தியார் நிமிரவில்லை. "வாங்க. இப்ப வெளிச்சம் நல்லா வருது. விளக்கே வேண்டாம்."

"என்னைத் திட்டுங்க."

"எனக்குத் திட்ட வராதுங்க. பல்லுக்காரன். கடிக்கத்தான் தெரியும்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் போனை எடுத்தாள். அவன் எதிரிலேயே நின்று குழுவில் பேசினாள். "பெகிமாய் பேசறேன். நான் சொன்னது தப்பு. எல்தியார் உளவாளி இல்லை. ரகசியம் போனது எங்க வீட்டுலேர்ந்து. என் வாயிலேர்ந்து, எங்கம்மா வழியா. அவர்கிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." அவன் பெயரைத் திரும்பக் குழுவில் சேர்த்தாள். மேஜைமேல் கிடந்த அவன் போன் மெல்ல அதிர்ந்தது.

இப்போதுதான் நிமிர்ந்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தினமும் ஏன் அந்தக் கேள்வி? அதனாலதானே எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

"உங்க மரத்தைத்தானே கேட்டேன்? ஜிபெக் மரம் எதுன்னு கேட்டேனா? வேற யாரோட மரத்தையாவது... ஒரு நாளாவது கேட்டேனா?"

இல்லை. ஒரு நாளும் இல்லை. எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் படித்திருப்பாள் அந்தக் கேள்வியை! வேவுகாரனுக்கு எல்லா மரமும் வேண்டும். இவனுக்கு ஒன்றே ஒன்று போதுமாக இருந்திருக்கிறது... இது ஏன் புரியாமல் போயிற்று?

"கடை திறக்கறதுக்கு முன்னால கொஞ்ச நேரம்தான் கிடைக்கும்" என்றான், காது சிவக்க. "பாதி நேரம் உங்களைத் தேடறதுலயே போயிடும். அதான் முன்கூட்டியே கேட்டு வச்சுக்கலாம்னு... உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க. அந்த போட்டோவுல நீங்களும் இருந்தீங்க, உண்மைதான். மனசே இல்லாமதான் அழிச்சேன்."

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மரம் இல்லாத ஜன்னலில் சாரல் நேராக அடித்தது. அவள் எட்டிக் கதவைச் சாத்தப் போனாள், அவனும் போனான். ஈரத்தில் வழுக்கிய கொக்கியில் இரண்டு கைகளும் சேர்ந்து நின்றன. யாரும் கையை எடுக்கவில்லை.

"அப்ப..." என்றான் மெதுவாக. "நாளைக்கு உங்க மரம் எது?"

"அதை இனிமே யார்கிட்டயும் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். எங்கம்மாகிட்டகூட."

"என்கிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தேகமே இல்லாத குரலில் சொன்னாள்.

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் பக்கத்துல நிப்பீங்களே..."