ஏரிக்கரையில் சொன்ன எஸ்பெராந்தோ

பாஸ்டனில் விடாத மழை. மூளையைப் படம் எடுக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில், காந்தத்துக்கு ஆகாததையெல்லாம் தட்டில் கழற்றி வைக்கச் சொன்னார்கள். யகோடா சட்டையில் குத்தியிருந்த, எஸ்பெராந்தோ மொழிக்காரர்களின் அடையாளமான பச்சை நட்சத்திர பேட்ஜைக் கழற்றி வைத்தாள். பக்கத்திலேயே இன்னொரு பச்சை நட்சத்திரம் வந்து விழுந்தது. எஸ்பெராந்தோ பேசுகிறவர்களைத்தானே வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நிமிர்ந்தவள்... அப்படியே நின்றுவிட்டாள்.

பாலின்ட். காதோரம் நரைத்திருந்தது. கண்களில் மட்டும் அதே குறும்பு...

"இன்னும் கோபம் தீரலையா?" என்றான் எஸ்பெராந்தோவில்.

"கோவிச்சுக்கிட்டுப் போனது நீதான்."

அந்தக் கோடை முகாம்... அவள் போலந்துக்காரி, அவன் ஹங்கேரிக்காரன். பொதுவாக இருந்தது, எல்லா நாட்டுக்காரர்களும் பேசட்டும் என்று ஒருவர் உருவாக்கிய எஸ்பெராந்தோ மட்டும்தான். முகாமில் யாராவது தாய்மொழியில் பேசிவிட்டால் "முதலை" என்று ஓட்டியே தீர்த்துவிடுவார்கள். கடைசி நாள் ஏரிக்கரையில் அவன் காதலைச் சொன்னான். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. வாய் சும்மா இருந்தால்தானே? யாரோ உட்கார்ந்து செய்த மொழியில் சொன்னால் காதலும் செய்ததாகத்தான் இருக்கும், உன் அம்மா மொழியில் சொல் என்றாள். என் மனசு பேசுகிற மொழி இதுதான் என்று சொல்லிவிட்டு, முகம் சிவக்க எழுந்து போனான். முதலில் யார் எழுதுவது என்ற வீம்பிலேயே வருடங்கள் ஓடிவிட்டன.

இருவருமே தனிமரம்தான் என்பது காத்திருந்த நேரத்தில் தெரிந்தது. முதலில் அவனைப் படம் எடுத்தார்கள். முடிந்ததும் ஊருக்குக் கிளம்ப வேண்டும், விமானம் இன்றைக்கே என்றான். இன்றைக்கேவா என்று கேட்க வாயெடுத்தவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் முறை முடிந்ததும் ஆய்வு மாணவி, ஒவ்வொரு மொழியைக் கேட்டபோதும் எடுத்த படங்களைக் காட்டினாள். புரியாத ஜப்பானிய மொழி கேட்டபோது மங்கல். போலிஷ், எஸ்பெராந்தோ கேட்ட மற்ற இரண்டிலும் ஒரே இடங்களில் வெளிச்சம். இதில் போலிஷ் எது என்று மாணவி கேட்டாள். யகோடாவால் சொல்ல முடியவில்லை.

"உங்க மூளைக்கே வித்தியாசம் தெரியலை" என்று மாணவி சிரித்தாள்.

யகோடா வாசலுக்கு ஓடினாள். மழையில் தாமதமாக வந்த டாக்ஸியின் கதவைத் திறந்தபடி அவன்...

"பாலின்ட், அன்னைக்கு நீ சொன்னது நேரா மனசுக்குள்ளதான் போச்சு. ஒத்துக்கத்தான் எனக்குத் தைரியம் இல்ல. உன்னைக் காதலிக்கிறேன்... அப்பவும், இப்பவும்."

"படத்தைப் பார்த்துட்டு வந்து சொல்றியா?"

"கிளம்புறேன்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. படம் வெறும் சாக்கு."

அவன் டாக்ஸிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். பெட்டியை இறக்கி நனைந்த நடைபாதையில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.