ரசலையனின் கறுத்த பிலிம்

1954ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து ஒரு காலையில், மூன்று மாதப் பிள்ளையை வீட்டில் கணவனிடம் விட்டுவிட்டு, நேசம்மாள் இனயத்திலிருந்து குழித்துறைக்கு வந்தாள். அவளை அழைத்துவந்த மணல் ஆலை எழுத்தர் ஜெயசிங், ஓய்வுபெற்ற காவல்துறைப் புகைப்பட நிபுணர் குமாரதாஸின் மேசைமேல் ஒரு பிலிமையும் அதைச் சுற்றியிருந்த காகித உறையையும் வைத்தார்.

புயலில் ஆலையின் கிடங்கு இடிந்தபோது, கதிர்வீசும் மணல்மூட்டைகளின் அடியில் சிக்கியவர்களை ஆலைத் தொழிலாளர் மூவர் மீட்டனர். இடிபாடுகளை அகற்றி முடிக்கும்வரை, ஒரு மாதம், மூவருக்கும் ஈயத்துண்டு பதித்த பிலிம் வில்லைகள் மார்பில் குத்தப்பட்டன. உடலில் படும் கதிருக்கேற்பப் பிலிம் கறுக்கும். பம்பாயில் கழுவியபோது இருவருடையவை வெளிறியிருக்க, நேசம்மாளின் கணவன் ரசலையனுடையது மட்டும் கரியாயிருந்தது. அன்றுமுதல் அவன் தன் கல்லறைக்கு இடம் சொல்லிக்கொண்டு சுவர்பார்த்துப் படுத்திருக்கிறான்.

“அவரு பிழைப்பாரா சாரே?” என்றாள்.

ஜெயசிங் முந்திக்கொண்டார். “இது கூட வேலைபார்த்த கிளீட்டஸுக்க வேலை. அவனுக்கும் ரசலையனுக்கும் ஆகாது. வில்லையை எடுத்து மணல்குவியலுல போட்டிருப்பான்.”

குமாரதாஸ் பிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஈயத்துண்டின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாயிருந்தது.

“நடமாடுற மனுசன் மார்புல இருந்தா நிழலோட ஓரம் கலங்கியிருக்கும். இது அசையாம ஒரே இடத்துல கிடந்திருக்கு. உன் மாப்பிள்ளை மேல இவ்வளவும் படல்ல, அம்மா.”

நேசம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிளீட்டஸைப் பிடிக்க ஜெயசிங் எழுந்தார். குமாரதாஸ் உறையை முகர்ந்துவிட்டு அவரை அமர்த்தினார். “பிள்ளைகளுக்கு உரசுற வசம்பு வாசனை. கிளீட்டஸ் வீட்டுல கைப்பிள்ளை உண்டா?”

இல்லை என்றார் ஜெயசிங். இரவில் வில்லை எங்கிருக்கும் என்று குமாரதாஸ் நேசம்மாளைக் கேட்டார். தொலைந்துவிடாதிருக்கப் பிள்ளையின் தலையணைக்கடியில் வைப்பாளாம். காலையில் ரசலையன் அவசரத்தில் மறந்துபோன நாட்களே அதிகமாம்.

“தலையணைக்குள்ள என்ன?”

பிள்ளையின் தலை உருண்டையாய் அமையக் கடுகு நிரப்புவது வழக்கம். “கடுகு கிடைக்கல்ல. புயலன்னிக்கு அவரு ஆலையிலருந்து மடியில கொஞ்சம் மணல் கொண்டுவந்தாரு. கடுகு மாதிரியே மஞ்சளா, வழுவழுன்னு…” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

வாடகைக் கார் இனயத்தை அடைந்தபோது ரசலையன் தொட்டிலருகே படுத்திருந்தான். குமாரதாஸ் சொன்னதைக் கேட்டதும் எழுந்து மகளை அள்ளிக்கொண்டான். “மூட்டை மூட்டையா இருந்தாத்தான் ஆபத்துன்னு நினைச்சேன் சாரே. இவளுக்கு ஒண்ணும் வராதுல்லா?”

குமாரதாஸ் தலையணையை எடுத்துத் தொலைவில், ஆளில்லா மணலில் வைக்கச் சொன்னார். “ஆஸ்பத்திரிக்கு வா, மக்கா” என்றார். ரசலையன் சட்டையும் போடாமல், பிள்ளையை வெறும் மார்போடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினான்.