இரண்டாவது மாதிரி

ஜாடியில் கிடந்த கடற்பஞ்சு நேற்று நாலு சென்டிமீட்டர். இன்று நாலரை. ஆல்கஹாலில் ஊறுகிற பிணம் சுருங்கும், வளராது. ஆய்வகம் முழுக்க ‘பஞ்சக்கா’ என்றே பேர் வாங்கிவிட்ட அந்த அம்மாளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப்பார்த்தார். “கண்ணாடிய மாத்துங்கக்கா. பஞ்சு வளரல, உங்க பவர்தான் ஏறுது.”

துருவக் கடலின் அடியாழத்திலிருந்து வந்தது அது. உயிரோடிருந்தபோது உடம்பெல்லாம் இருந்த பொடித் துளைகளால் தண்ணீரை உறிஞ்சி, உச்சியிலுள்ள ஒற்றைத் துளை வழியாகக் கக்கியிருக்கும். உள்ளே கண்ணாடி ஊசிகள். அவற்றின் வடிவம்தான் இனத்தின் கைரேகை. இதன் ஊசியோ ஆறு கொக்கி வைத்த நட்சத்திரம், எந்தப் பட்டியலிலும் இல்லாதது. புது இனத்துக்கு அதை விவரித்தவரே பேர் வைக்கலாமல்லவா, அக்கா தன் ஒன்றரை வயது மகளின் பேரை வைத்து லேபிளும் ஒட்டிவிட்டாள். பேராசிரியர்தான் மசியவில்லை. “ஒத்த மாதிரிய வெச்சு இனம்னு எப்படிம்மா சொல்றது? இன்னொன்னு கொண்டா.”

கையுறை போட்டால் ஊசியின் நயம் விரலுக்குப் பிடிபடாதாம். அந்தப் பெருமையில் வெறுங்கையோடு அறுத்ததில், நாலு நாளுக்கு முன் ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. ரத்தமில்லை, வலியில்லை. அன்றும் மகள் அதே விரலைச் சப்பிக்கொண்டுதான் தூங்கினாள். வேறு எதைக் கொடுத்தாலும் தூங்காத பிள்ளை.

மதியம் கை கழுவும்போது பார்த்தாள். மற்ற நாலு விரல்களிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. ஊசி குத்திய விரலிலிருந்து சொட்டவில்லை.

தோலைத் துளி சுரண்டி, பஞ்சுக்குச் செய்வதுபோலவே பிளீச்சில் போட்டாள். சதை கரைந்தது. மிச்சத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

ஆறு கொக்கி.

கைபேசி அடித்தது. கணவன். “குளிக்கிற தொட்டி எங்கயோ ஒழுகுது. பாப்பாவ உக்கார வெச்சு மூணு தடவ ரொப்பிட்டேன், தண்ணி நிக்கவே மாட்டேங்குது.”

“அவள வெளிய தூக்குங்க.”

“தூக்கினா கத்துறா. தண்ணியில விட்டா சிரிக்கிறா.”

வீட்டு மாடிப்படியிலேயே அந்த வாடை வந்தது. வெயில் படாத சேறும் குளிர்ந்த இரும்பும் கலந்த, ஜாடி மூடியைத் திறந்தால் மட்டும் வருகிற வாடை, ஒவ்வொரு படிக்கும் கெட்டியாகிக்கொண்டே வந்தது. குளியலறையில் கணவன் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, ஒழுகும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

“கீழ பொட்டு ஈரமில்ல பாரேன்,” என்றான்.

குழாய் முழு வேகத்தில் கொட்டியது. தொட்டி காய்ந்திருந்தது. நடுவில் மகள். தோளில் விழுந்த தண்ணீர் தோளிலேயே காணாமல் போனது. தோலெங்கும் ஊசிமுனைத் துளைகள். திறந்தன. மூடின.

தூக்கினாள். பிள்ளை அசையவில்லை. தொட்டியோடு ஒட்டியிருந்தது.

உச்சிக்குழி மூடிவிட்டதென்று போன மாதம்தான் டாக்டர் சொன்னார். முடியை விலக்கினாள். வட்டமாகத் திறந்திருந்தது. உள்ளிருந்து பனிக்குளிராகத் தண்ணீர் பொங்கி, நெற்றியில் வழிந்து, கண்ணுக்கு வருமுன் தோலுக்குள் இறங்கியது.

மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். விரலுக்காக வாயைத் திறந்தாள்.