மந்தி வருவதற்குள்

சுவேதாவிடம் ஒரு நோட்டு இருந்தது. வீட்டுப்பாடத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பாட்டுகளுக்கு மார்க் போடுகிற நோட்டு அது.

புதிதாக எந்தப் பாட்டு வந்தாலும் ஆறாம் வகுப்பு சுவேதாவின் கையிலிருந்து தப்பாது. மெட்டு சுமாராக இருந்தால்கூட மன்னித்துவிடுவாள். வரிகள் அசட்டுத்தனமாக இருந்தால் மட்டும் தயவு தாட்சண்யமே கிடையாது.

“கொட்டுற மழையில நிக்கிறாராம், ஆனா தாகமா இருக்குதாம். வாயைத் தொறந்தா போதாதா? பத்துக்கு மூணு மார்க்.”

இப்படித்தான் எழுதுவாள். வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூட ஆட்டோவில் அதைச் சத்தமாக வாசிப்பாள். அது சகாயம் அண்ணனின் ஆட்டோ. வீராம்பட்டினத்தில் கிளம்பி, அரியாங்குப்பத்தில் சுவேதாவை ஏற்றிக்கொண்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குள் போகும். மூன்றாம் வகுப்பு ஜெர்லின் புரிந்தாலும் புரியாவிட்டாலும் விழுந்து விழுந்து சிரிப்பாள். சுவேதாவின் வகுப்பில் படிக்கும் ஆகாஷ் மட்டும், “மூணெல்லாம் அநியாயம், அஞ்சு போடு!” என்று சண்டைக்கு வருவான். அவன் சண்டைக்கு வராத வெள்ளிக்கிழமை உப்பில்லாத குழம்பு மாதிரி இருக்கும்.

மூன்று வாரமாக அந்த ஆட்டோவில் ஆகாஷின் இடம் காலியாக இருந்தது.

அவனுடைய அப்பா தட்சிணாமூர்த்தி போன மீன்பிடிப் படகு, ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் அலை அடித்துக் கவிழ்ந்துவிட்டது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவரை மறுநாள்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, வெள்ளிக்கிழமை ஆகாஷ் பள்ளிக்கு வருகிறான் என்று தெரிந்தது. வியாழக்கிழமை மாலையே சகாயம் அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசினார்.

“நாளைக்கு அவன்கிட்ட யாரும் எதையும் கேக்கக் கூடாது. அழுவுற பாட்டு கூடாது. அப்பா, கடலு, அலைன்னு வர்ற பாட்டு எதுவும் கூடாது. எல்லாத்தையும் தூக்கிடப் போறேன்.”

தூக்கியும் விட்டார். ஆட்டோவில் போடுவதற்காக அவர் சேர்த்துவைத்திருந்த நூற்றுப் பத்துப் பாட்டில் ஒன்பதுதான் மிஞ்சியது.

“கடல் இல்லாம நம்ம ஆளுங்களுக்குப் பாட்டே எழுத வராது போலிருக்குதே!” என்று அவரே மலைத்துப்போனார்.

சுவேதா தன் பங்குக்கு ஒன்று யோசித்தாள். ஆகாஷை எப்படியாவது சிரிக்கவைத்துவிட வேண்டும். அதற்காகவே, மிஞ்சிய ஒன்பதில் மகா அசட்டுப் பாட்டாகத் தேடிப் பிடித்தாள். போன வருஷம் டீக்கடை, கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று எங்கே பார்த்தாலும் அலறிய பாட்டு அது.

‘வந்துடுறேன் வந்துடுறேன் சாமந்தி,
வாழமரம் ஏறுதுபார் மந்தி!’

மறுநாள் ஆகாஷ் மொட்டைத் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் பேசவில்லை. சுவேதா தொண்டையைச் செருமிக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

“சாமந்திக்கு இயைபு வேணும்னு ஒரு மந்தியைப் புடிச்சுக்கினு வந்திருக்காரு கவிஞரு. அந்த மந்திக்கும் கதைக்கும் என்னா சம்பந்தம்? வழுக்குற வாழமரத்துல அது எதுக்கு ஏறுது?”

“மந்தி!” என்று கத்தினாள் ஜெர்லின். மந்தி வரும்போதெல்லாம் கத்துவது அவள் வழக்கம்.

ஆகாஷின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சுவேதாவுக்கு உற்சாகம் பொங்கியது. அடுத்த வரியை இன்னும் சத்தமாக வாசித்தாள்.

“மொத்தம் இருபத்து மூணு தடவ ‘வந்துடுறேன்’னு சொல்றான். பாட்டு முடியுது, ஆளைக் காணோம். ஏமாத்துப் பேர்வழி! சாமந்தி, நீ கதவைச் சாத்திட்டுத் தூங்கு. இவன் வரவே மாட்டான். பத்துக்கு ஒரு மார்க்!”

ஜெர்லின் கைதட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை.

“அண்ணா, வண்டிய நிறுத்துங்க” என்றான் ஆகாஷ்.

“பாலத்து மேலயாடா?”

“நிறுத்துங்கன்னா!”

இறங்கினான். பையை மாட்டிக்கொண்டு பாலத்தின் ஓரமாக நடந்தான். சகாயம் அண்ணன் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவே இல்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஆகாஷ் டவுன் பஸ்ஸில் வந்தான். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். சுவேதா பக்கத்தில் போனால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். ஒரு மனிதனுக்கு அவ்வளவு தாகம் எடுக்காது.

சுவேதா நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ‘இவன் வரவே மாட்டான்’ என்ற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் படிப்பதை நிறுத்திவிட்டாள். சிரிக்கவைக்கப் போய் இப்படிச் செய்துவிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்தப் பக்கத்தைப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். நோட்டில் அடித்தாயிற்று. வாயிலிருந்து போனதை எதைக்கொண்டு அடிப்பது?

புதன்கிழமை சாயங்காலம் அம்மாவின் போனை வாங்கினாள். வகுப்புக் குரூப்பில் ‘ஆகாஷ் அப்பா’ என்று ஒரு நம்பர் இருந்தது. அவன் வீட்டு நம்பர் என்று அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அவனுடைய அம்மா எடுப்பார்கள், ஆகாஷைக் கூப்பிடச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் அடித்தாள்.

காதில் மணி அடிக்கவில்லை. பாட்டு வந்தது.

‘வந்துடுறேன் வந்துடுறேன் சாமந்தி…’

செத்துப்போன மனிதருடைய காலர் டியூன். இந்தப் பாட்டில் வருகிறவனைத்தான் அவள் ஏமாத்துப் பேர்வழி என்றாள். வரவே மாட்டான் என்றாள். அதையும் அவருடைய பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

போனை வைத்துவிடத் தோன்றியது. வைக்கவும் முடியவில்லை. மந்தி ஏறியது. மறுபடி முதலிலிருந்து பாட்டு. மறுபடி மந்தி. அப்புறம்தான் யாரோ எடுத்தார்கள்.

“யாரு?”

ஆகாஷின் குரல்.

“நான்தான். சுவேதா.”

அவன் வைத்துவிடுவதற்குள் அவள் அவசரமாகப் பேசினாள்.

“ஆகாஷ், எனக்குத் தெரியாதுடா. சத்தியமா தெரியாது. இது உங்க அப்பா பாட்டுன்னு…”

“எது வரைக்கும் கேட்டுச்சு?” என்றான் திடீரென்று.

“என்னது?”

“பாட்டு. எது வரைக்கும் கேட்டுச்சு?”

“மந்தி ரெண்டு தடவ வந்துது.”

பிறகு அவன் பேசினான்.

“எங்கப்பா மந்தி வர்றதுக்குள்ள எடுத்துடுவாரு. எப்ப அடிச்சாலும். வலை பிரிச்சிக்கினு இருந்தாலும் எடுத்துடுவாரு. காலர் டியூன்ல மந்தி வந்து நான் கேட்டதே இல்ல.”

“ம்.”

“அன்னிக்கு போனைச் சார்ஜுல போட்டுட்டுப் போயிட்டாரு. அதான் போன் மட்டும் இருக்குது. அம்மா மார்க்கெட்டுலேந்து வந்ததும், அவங்க போன்லேந்து அடிப்பேன். பீரோ மேல வெளிச்சம் எரியும். காதுல பாட்டு வரும். எடுத்துடுவாரு எடுத்துடுவாருன்னே இருக்கும். ஆனா இப்பல்லாம் மந்தி வந்துடுது.”

சுவேதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ வேண்டியவன் அவன், நாம் அழுதால் நன்றாக இருக்காது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நீ சொன்னது சரிதான்” என்றான் ஆகாஷ். “வர மாட்டாரு. அது எனக்கே தெரியும்.”

“ஆட்டோவுக்கு வாடா. இனிமே நாங்க பாட்டே போட மாட்டோம்.”

“அதான் வேணாம்!” என்று சட்டென்று கத்தினான். “என்னைப் பாத்தா எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. பக்கத்து வீட்டுல டிவிய அமுக்கிடுறாங்க. பந்து விளையாடுறவங்க நிறுத்திட்டு நிக்கிறாங்க. பாட்டில்லாத ஆட்டோவுல குந்திக்கினு வந்தா இன்னும் கடுப்பாத்தான் இருக்கும்.”

“சரி. பாட்டு இருக்கும். வெள்ளிக்கிழமை வருவியா?”

பதில் சொல்லாமலே வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை சுவேதா சகாயம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தான் நினைத்திருப்பதையும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுற மாதிரி ஆயிடப் போவுதும்மா.”

“சரியா நிறுத்திட்டா ஆவாதுண்ணா. நான் தோள்ல தட்டுவேன். தட்டுன உடனே நீங்க பட்டனை அமுக்கணும்.”

“ஒரு நொடி தப்புச்சுன்னா?”

“மந்தி வந்துடும்” என்றாள் சுவேதா.

அன்று சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு, அவளுடைய தெருமுனையில் வண்டியை நிறுத்தி இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். முதல் ஆறு தடவையும் மந்தி வாழைமரத்தில் பாதி ஏறிவிட்டது. ஏழாவது தடவைதான் பிடிபட்டது. ‘சாமந்தி’யில் ‘சா’ என்று ஆரம்பிக்கும்போதே தட்ட வேண்டும். அப்போதுதான் அண்ணனின் விரல் போய்ச் சேரச் சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஆகாஷ் உட்கார்ந்திருந்தான். சுவேதாவைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சுவேதா ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஜெர்லினிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள். அந்தக் குழந்தை தன் மேலேயே நம்பிக்கை இல்லாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தயாராக இருந்தது.

வண்டி பாலத்தில் ஏறியது. ஆற்றில் படகுகள் கட்டிக் கிடந்தன. சகாயம் அண்ணன் கண்ணாடியில் சுவேதாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

‘வந்துடுறேன் வந்துடுறேன்…’

ஆகாஷ் விருட்டென்று திரும்பினான். அவன் முகம் போன போக்கைச் சுவேதா பார்த்தாள். தப்புச் செய்துவிட்டோமோ?

‘…சா’

தட்டினாள்.

‘…மந்தி.’

பாட்டு நின்றது. சரியாகச் சாமந்தியோடு நின்றது. மந்தி வரவில்லை.

ஆட்டோவின் இரைச்சல் மட்டும் இருந்தது. ஆகாஷ் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“‘சொல்லு ராசா’ன்னுவாரு” என்றான் கடைசியில். “இந்த எடத்துல எடுத்து, ‘சொல்லு ராசா’ன்னுவாரு.”

ஜெர்லின் வாயிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள். “அப்புறம் நீ என்னா சொல்லுவ?”

“‘முதல்ல இந்தக் கேவலமான பாட்டை மாத்துப்பா’ன்னுவேன். நான் கடுப்பாவணும்னே அதை வெச்சிருந்தாரு. மாத்தச் சொல்லச் சொல்ல சிரிப்பாரு.”

சொல்லிக்கொண்டே அவன் அழ ஆரம்பித்தான். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு, பாலம் முடியும் வரை தேம்பித் தேம்பி அழுதான். யாரும் தடுக்கவில்லை. சகாயம் அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

டவுனுக்குள் நுழைந்த பிறகு ஆகாஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

“நோட்டைக் குடு.”

சுவேதா தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். அவன் அந்தப் பக்கத்தைப் புரட்டினான்.

“ஏன் அடிச்சிருக்க? மந்தி எடம் காமெடியாதான இருந்துச்சு.” பேனாவை வாங்கி, ஒன்று என்ற மார்க்கை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினான். “பாட்டுக்கு ஒண்ணு. நிறுத்துனதுக்கு ஒண்ணு.”

“ரெண்டுதானா? நான் அஞ்சு போடலாம்னு இருந்தேன்.”

“பாவம் பாத்து மார்க் போடாத. இந்தப் பாட்டுக்கு ரெண்டே அதிகம்.”

பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றது. ஜெர்லின்தான் முதலில் குதித்தாள். பாவம், அரியாங்குப்பத்திலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருந்தாள். இறங்கியதும் அவளால் முடியவில்லை.

“மந்தி!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

சுவேதாவுக்கு உயிரே போய்விட்டது. ஆகாஷின் முகத்தைப் பார்த்தாள். அவன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

“இப்ப வரட்டும், பரவால்ல” என்றான்.