ஒற்றை ஆளின் அலறல்

மார்த்தாண்டத்தில் பஸ்ஸை விட்டிறங்கி ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது நல்ல மத்தியானம். ஆனாலும் ரப்பர் மரங்களுக்குள் மழை இருட்டிக்கொண்டு நின்றது. குவைத்தில் எனக்கு நர்ஸ் வேலை. அப்பாவின் அடக்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் நடக்கவிருந்த நினைவு ஜெபத்துக்குத்தான் வர முடிந்தது. பெற்ற மகளின் லட்சணம் இது.

பக்கவாதத்தில் அப்பா படுத்துக் கிடந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. தாண்டிப் போகும்போது தைலமும் டெட்டாலும் கலந்த வாடை அடித்தது. ஆள் போய் இத்தனை நாளாகியும் அந்த வாடை போகவில்லை.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து, மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். நான் இரண்டு வாய் உண்டிருப்பேன். கரண்டி பிடித்த அவள் கை அப்படியே நின்றது.

"இரி மோளே. அப்பா கூப்பிடுகாரு. வெள்ளம் கொடுத்துட்டு வாறேன்."

தம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு அந்த அறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தம்பி ஜெரிஷ் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "தெனமும் இப்படித்தான் அக்கா. ஜெபம் முடிஞ்ச ஒடனே மனநல டாக்டர்ட்ட கொண்டு போவோம். அட்மிட் பண்ணச் சொல்லி வச்சிருக்கேன்."

"அம்மையையாலே?"

"பின்ன? செத்தவரு கூப்பிடுகாருன்னு சொன்னா என்ன செய்ய?"

இவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'முள்ளிருள்' என்ற பெயரில் இன்டர்நெட்டில் பிளாக் மெட்டல் பாட்டுப் போடுகிறான்; தொண்டை கிழிய அலறிப் பாடுகிற ராக் வகை அது. குழு என்று பேர், ஆள் இவன் ஒருத்தன்தான். கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் இவனே. மூச்சு முட்ட ஓடுகிற இசை நடுவில் சட்டென்று அடங்கும். பழைய ராக் பாட்டுகளில் வருவது போல ஒரு கிட்டார் மெதுவாக இழையும். அதன்மேல் அந்த அலறல் வரும். ஊரில் ஈ காக்கைக்குத் தெரியாது. பின்லாந்தில் யாரோ நாலு பேர் "இப்படியொரு குரலா!" என்று எழுதுவார்கள். நான் சும்மா இருந்தேனா? வார்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "எனக்கத் தம்பியாக்கும்" என்று பெருமையடித்தேன்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவன் அறைக்குப் போனேன்.  அம்மாவைக் கொஞ்ச நேரம் மறக்க, பாட்டு ஏதாவது கேட்டால் தேவலை போலிருந்தது.

"நான் வார்டுல போட்டுக் காட்டுன பாட்டப் போடுலே. குரல மட்டும் தனியாக் கேக்கணும்."

"வேண்டாம் அக்கா."

அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் பாட்டைத் திறந்து, தனித்தனியாகப் பதிந்திருந்த கிட்டாரையும் பேஸையும் டிரம்ஸையும் நானே அணைத்தேன்.

அலறல் மட்டும் மிஞ்சியது.

அதற்கடியில் ஒரு களகளப்பு.

சளி அடைத்த தொண்டை.

பக்கவாதத்தில் பேச்சுப்போன ஒரு மனிதர் தண்ணீருக்குக் கத்துகிறார். ஒவ்வொரு கத்தலும் முந்தியதைவிடப் பெரிதாகிறது. யாரும் போகவில்லை.

தினமும் அந்த மாதிரித் தொண்டைகளைச் சுத்தம் செய்கிறவள் நான். பெற்ற தகப்பனின் குரலை இத்தனை நாளும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஐயோ, இதைப் போட்டா ஊரைக் கூட்டினேன்! நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

"எனக்கக் குரல் சரியா வரல அக்கா," என்றான் ஜெரிஷ். "அம்மா வெளிய போற நேரம் மைக்கப் பிடிச்சுட்டு அப்பாக்கப் பக்கத்துல நிப்பேன். நல்லாக் கத்தினதுக்குப் பொறவு வெள்ளம் கொடுப்பேன். அவருக்கு நெனவே இல்லன்னுல்லா நெனச்சேன்."

"இத வீட்டுல சத்தமா வச்சியா?"

"ம்."

"அம்மா இதக் கேட்டுக் கேட்டுத்தானலே இப்ப ஒண்ணும் கேக்காதப்பவும் ஓடுகா? தெரிஞ்சுட்டே அவளப் பைத்தியம்னு கொண்டு தள்ளப் பாத்தியா? சண்டாளா!"

அறைந்தேன். வாங்கிக்கொண்டான். எல்லாவற்றையும் அழிக்க வைத்தேன். ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு அம்மா திரும்பி வந்திருந்த அடுக்களைக்கு அவனை இழுத்துப் போனேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல், அடுப்பைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னான்.

அம்மா பதறவில்லை.

"பெட்டிக்குள்ள கேக்கது எனக்குத் தெரியாதாலே? அதுல அவரு வெள்ளத்துக்கு அழுவாரு. நான் சொல்லுகது அது இல்ல." என்னைப் பார்த்தாள். "இப்ப அவரு பேசுகாரு மோளே. ஒனக்கத் தம்பியத்தான் கூப்பிடுகாரு. இவன் போக மாட்டான். அதனால நான் போறேன்."

வெளியே மழை இன்னும் பெய்யாமல் இருட்டிக்கொண்டே நின்றது.

அப்பாவின் அறைக்குள் கட்டில் முனகியது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஜெரிஷ் என் கையைப் பிடித்தான். 

குரல் வந்தது. களகளப்பு இல்லை. அழுகை இல்லை. வியாதி வருமுன் அப்பா சபையில் பாடிய அதே கனத்த குரல். பிள்ளையின் வேலைக்குக் கூடமாட நிற்கிற தகப்பன் கேட்பது போல, அத்தனை பொறுமையாக.

"மக்கா, இவ்வளவு போதுமா? இன்னும் சத்தமாக் கத்தணுமா?"