மூன்று வாரத் தோழி

"உன் கையால காப்பி எனக்கு வேணாம். கொண்டு போ!"

பரமானந்தம் தள்ளிய வேகத்தில் தம்ளர் சாய்ந்து பாதிக் காப்பி தரையில் ஓடியது. தெரசம்மாள் குனிந்து துடைத்தாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் துடைத்த காப்பி இது மட்டுமா?

"வேன் ஸ்டாண்டுல அத்தன பேரும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறானுக. 'ஏன்யா, ஒன் சம்சாரம் பிள்ளைக பையில கைய விட்டாகளாமே'ன்னு கேக்குறானுக. எடுத்தியா, எடுக்கலியா? ஒத்த வார்த்தை சொல்லு!"

"எடுக்கலங்க..."

"அப்ப பைக்குள்ள கைய விட்டு என்ன சோலி பாத்த?"

அதற்குத்தான் தெரசம்மாளிடம் பதில் இல்லை. இருந்தது, சொல்ல முடியாது. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் தலைமை சிஸ்டர் கேட்டபோதும் இதே மாதிரிதான் நின்றாள். இன்று பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மெஸ்ஸில் நாலு வருஷமாகச் சோறு பரிமாறும் வேலை, இன்றோடு போனாலும் போகும்.

பரமானந்தம் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டான். வெளியே கொடைக்கானல் நாயுடுபுரத்து ஓட்டுக்கூரைகள் எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. உள்ளே இரண்டு பெண் பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவள் பெற்ற சுஜிதா. இன்னொருத்தி பரமானந்தத்தின் செத்துப்போன தங்கச்சி மகள் மெர்லின். இருவரும் ஒன்பதாம் வகுப்பு, ஒரே பிரிவு. மெர்லின் அத்தையின் முகத்தைப் பார்க்காமலேயே பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

சுஜிதா மட்டும் வாசலில் நின்றாள்.

"நீ எதுக்கும்மா கிளாசுக்குள்ள போன? எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்குறாக... என் பையில இருந்ததெல்லாம் திருட்டுச் சாமானாம்!"

"அப்படியெல்லாம் இல்லடி..."

"எனக்குத் தெரியும்மா. அதெல்லாம் என் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்டு வச்சது. இன்னிக்குத்தான் யாரு யாருக்கு ஃப்ரெண்டுன்னு மிஸ் சொல்லுவாங்க. அவ எந்திரிச்சு 'நான்தான் வச்சேன்'னு சொல்லிட்டா ஒம்மேல இருக்க பழி போயிரும்ல? நீ அழாத. அவ சொல்லுவா!"

பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. எழுந்து நிற்க அங்கே யாரும் இல்லை என்று தெரசம்மாள் எந்த வாயால் சொல்லுவாள்?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஐந்து வயது மெர்லினைக் கையில் பிடித்துக்கொண்டு பரமானந்தம் வந்து நின்றான். தாய் கண்ணை மூடிய நாற்பதாம் நாளே அப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டான். தெரசம்மாள் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். தாயில்லாப் பிள்ளையை அத்தைக்காரி படுத்துகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால் மீனில் நடுத்துண்டு மெர்லினுக்கு, வால்துண்டு சுஜிதாவுக்கு. புது ஸ்வெட்டர் மெர்லினுக்கு, அவள் போட்டுச் சிறுத்துப்போனது சுஜிதாவுக்கு. இருவரும் சண்டை போட்டால் அடி சுஜிதாவுக்கு. "நீ விட்டுக்குடுடி. அவளுக்கு அம்மா இல்ல" என்று சொல்லிச் சொல்லியே பெற்ற பிள்ளையை வளர்த்தாள். சுஜிதாவும் விட்டுக்கொடுக்கப் பழகிவிட்டாள். விளையாட்டில் விட்டுக்கொடுத்தாள், பேச்சில் விட்டுக்கொடுத்தாள், பெஞ்சில் இடம் விட்டுக் கொடுத்துக் கொடுத்து, ஒருநாள் பார்த்தால் அவளுக்கு உட்கார இடமே இல்லை.

அதைத் தெரசம்மாள் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஜூன் மாதத்திலிருந்து மெஸ்ஸில் மெர்லின் நாலு பிள்ளைகளோடு நடு மேசையில் சிரித்துக்கொண்டிருப்பாள். சுஜிதா கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசையில் தனியே உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் தின்பாள். பரிமாறும் கரண்டியோடு நிற்கிற தாய் வேலைக்காரி, அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார முடியுமா? மகள் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவாள். அதைத் தவிர அவளால் வேறென்ன செய்ய முடிந்தது?

சண்முகசுந்தரி மிஸ் அந்த வருஷம் புதிதாக வந்தவர், பழனிக்காரர். பாடப்புத்தகம் இல்லாமல் பிள்ளைகளின் மனசைப் பற்றிப் பேசுவதற்கென்றே அவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பு. 'இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளையும் தனியா இருக்கக் கூடாது' என்று சொல்லி, கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் விளையாட்டை அவர்தான் நடத்தினார். டிசம்பர் பிறந்ததும் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ, அவளுக்கு மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் சின்னச் சின்னப் பொருளும் அன்பாக நாலு வரியும் வைக்க வேண்டும். அதற்காக வகுப்பின் பின்சுவரில் பெயர் எழுதிய துணிப்பைகள் வரிசையாகத் தொங்கின. விடுமுறை விடும் நாளில் யார் வைத்தார்கள் என்று சொல்லுவார்கள்.

சீட்டு எடுத்த அன்று மாலை மெர்லினின் பாவாடையைத் துவைக்கப் போட்டபோது, பைக்குள் மடித்த சீட்டு கிடைத்தது. பிரித்தால் 'சுஜிதா'! தெரசம்மாளுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. மாதாவே, நீயே பார்த்துச் சேர்த்து வச்சியா என்று கும்பிட்டாள். ஆனால் ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள் போயும், சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் சுஜிதாவின் பை மட்டும் சப்பையாகவே தொங்கியது.

மெர்லினைக் கூப்பிட்டு, "ஏன்டி ஒண்ணும் வைக்கல?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மற்ற எந்தத் தாயும் கேட்டிருப்பாள். தெரசம்மாள் கேட்கவில்லை. தாயில்லாப் பிள்ளையை எப்படிக் கேட்பது? ஐந்தாம் நாள் காலை, பிள்ளைகள் எல்லாம் ஜெபத்துக்கு வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து, காலி வகுப்புக்குள் போய் மகளின் பையில் ஒரு சாக்லேட் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தாள். கூடவே ஒரு சீட்டு. தன் கையெழுத்து மகளுக்குத் தெரியும் என்பதால், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சி, மெஸ்ஸில் சமைக்கும் வில்பட்டி அழகம்மாளிடம் எழுதி வாங்கியது அது.

அன்று மதியம் சுஜிதா சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்! பிறகு தினமும் ஏதாவது ஒன்று. கிளிப், பேரிக்காய், ஏரிக்கரைக் கடையில் வாங்கிய மணிவளையல்... நேற்றுக் கணக்கு டீச்சர் கண்ணில் பட்டுவிட்டாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் சாக்லேட்டைக் காணோம் என்று புகார் சொல்லியிருந்தார்கள். அடுத்தவர் பையிலிருந்து எடுத்து மகள் பையில் போடுகிறாள் என்று பழி விழுந்தது. உண்மையைச் சொன்னால் மெர்லின் தலைகுனிய வேண்டும், சுஜிதாவின் சிரிப்பும் போய்விடும். தெரசம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் அவளை உட்கார வைத்தார்கள். எதிரே ஒன்பதாம் வகுப்பு. சன்னல் வழியாகக் கைதட்டல் கேட்டது. ஒவ்வொரு பெயராகப் படிக்க, ஒவ்வொருத்தியாக எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"சுஜிதா... உன் ஃப்ரெண்டு யாருன்னு நினைக்கிறே?" சண்முகசுந்தரி மிஸ்ஸின் குரல்.

"தெரியல மிஸ். யாரா இருந்தாலும்... மூணு வாரமா நான் தனியாச் சாப்பிட்ட மாதிரியே இல்ல மிஸ்."

காகிதம் புரளும் சத்தம்.

"மெர்லின்!"

"நீயாடி!" சுஜிதா கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. தெரசம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். ஆமான்னு சொல்லிருடி பாவி... ஒரே ஒரு ஆமாம் சொல்லிரு, என் பிள்ளை சிரிச்சிட்டுப் போகட்டும்... என்று நெஞ்சுக்குள் கெஞ்சினாள்.

"என்னைத் தொடாத!" மெர்லினின் குரல் கிழிந்தது. "நான் ஒண்ணுமே வைக்கல மிஸ். ஒரு நாள்கூட வைக்கல! எங்க அத்தைதான் வச்சாங்க. மொத வாரமே பாத்துட்டேன். அவங்க திருடல... நேத்து எல்லாரும் திருடின்னு சொன்னப்ப நான் பேசாம நின்னேன் மிஸ்!"

தெரசம்மாள் வகுப்பு வாசலுக்கு ஓடினாள். மெர்லின் அவளைப் பார்த்ததும் ஏங்கி ஏங்கி அழுதாள்.

"ஏன்டி கண்ணு... ஒனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"குறையே வைக்கல அத்தை! சுஜி தட்ட உடைச்சா அடி விழும். நான் உடைச்சா 'பரவால்ல கண்ணு'ம்பீங்க. விருந்தாளிகிட்டத்தான் அப்படிப் பேசுவாங்க. மகளத்தானே திட்டுவாங்க? ஒன்பது வருஷமா என்னைய ஒரு தடவகூட நீங்க திட்டினதில்ல... அவளுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, நான் வேற எதுக்குக் கொடுக்கணும்னு இருந்துட்டேன்."

தெரசம்மாள் ஒருத்தியைத் தாங்கித் தாங்கியே அந்நியமாக்கிவிட்டாள். இன்னொருத்தியைத் தாழ்த்தித் தாழ்த்தியே தனியாக்கிவிட்டாள். இரண்டும் அவள் கையால் நடந்தது, பாசத்தால் நடந்தது. யாரைப் போய் நோவாள்?

சத்தம் கேட்டு வந்த தலைமை சிஸ்டர் அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். காணாமல்போன சாக்லேட்டைக் குரங்கு தின்று, தாள்கள் மெஸ் கூரை மேல் கிடப்பதாக அழகம்மாள் வந்து சொன்னாள். கொடைக்கானலில் சன்னலைத் திறந்து போட்டுவிட்டு, குரங்கை விட்டு மனுஷியைச் சந்தேகப்பட்டதை நினைத்துக் கணக்கு டீச்சர் முகம் சிவந்தார். சண்முகசுந்தரி மிஸ் சுவரில் தொங்கிய பைகளைப் பார்த்தார். "பேரைச் சீட்டுல எழுதிட்டா ஃப்ரெண்டு வந்துருவான்னு நினைச்சேன். தப்பு என்னோடதும்தான்" என்று மெல்லச் சொன்னார்.

சுஜிதா வராந்தாவின் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தெரசம்மாள் பின்னாலேயே போனாள்.

"அப்ப எனக்குன்னு ஒருத்தருமே இல்ல. அப்படித்தானம்மா?"

பழி போனதில் வந்த நிம்மதி எல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்து போயிற்று. மகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள்.

"போகட்டும்மா... எனக்கு யாரும் வேணாம். நீ ஒருத்தி போதும்."

எந்தத் தாய்க்கும் இனிக்கிற வார்த்தை. தெரசம்மாளுக்கு இனிக்கவில்லை.

"நான் போதாதுடி. நான் அந்தப் பக்கம் நின்னு சோறு போடத்தான் முடியும். பக்கத்துல உக்காந்து திங்க முடியாது. இனிமே யாருக்கும் எதையும் விட்டுக்குடுக்காத. நான் சொன்னதெல்லாம் தப்பு. ஒன் எடத்த நீ கேட்டு வாங்கு. சண்ட போட்டு வாங்கு!"

மதியம் கிறிஸ்துமஸ் சாப்பாடு, பிரியாணி. அழகம்மாள் கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நடு மேசையில் அந்த நாலு பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். மெர்லினுக்கு அங்கே இன்று யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. அவள் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசையில் போய்த் தனியே உட்கார்ந்தாள்.

சுஜிதா கடைசியாக வந்தாள். தட்டை நீட்டியபடி அந்த மேசையையே பார்த்தாள். தெரசம்மாள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லிக் கெடுத்தது போதும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சுஜிதா நேரே போய் மெர்லின் தட்டுக்குப் பக்கத்தில் தன் தட்டை வைத்தாள்.

"தள்ளு. இது என் எடம். நீ அந்தப் பக்கம் உக்காரு."

மெர்லின் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். சுஜிதா தின்னத் தொடங்கினாள். மெர்லின் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். கண்ணீர் தட்டில் விழுந்தது.

பரிமாறும் மேடைக்குப் பின்னால் ஒற்றையாய் நின்ற தெரசம்மாள் கரண்டியை டக்கென்று வைத்தாள். ஒன்பது வருஷமாகத் தொண்டையில் நின்றது வெடித்துக்கொண்டு வந்தது.

"அடியேய் மெர்லின்! கழுத! சோத்த அளைஞ்சிக்கிட்டு என்னடி வேடிக்க? வெரசாத் தின்னு! தட்டுல ஒரு பருக்க மிஞ்சிச்சு, முதுகுத் தோல உரிச்சிருவேன்!"

மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மெர்லின் நிமிர்ந்தாள். வாய் கோணி, விசும்பல் வெடித்து, "சரி... அத்தை" என்று சொல்லிவிட்டு, இரண்டு கன்னமும் உப்ப அள்ளி அள்ளித் தின்றாள்.