மாதாவின் கிரீடமும் ஒரு நெறிக்கட்டியும்

1972. ராயபுரம். திங்கட்கிழமை காலை மாதா கோயிலைத் திறந்தபோது சொரூபத்தின் தலையில் வெள்ளிக் கிரீடம் இல்லை. பக்கச் சன்னல் உடைந்து, கண்ணாடி விளிம்பில் ரத்தம்.

வியாழன் காலை, போலீஸ் ஸ்டேஷன். டாக்டர் ஞானசெல்விக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மீனவன் லூயிஸின் வலது உள்ளங்கைக் காயத்தைக் கண்ணாடிக் கீறல் என்று இன்ஸ்பெக்டருக்கு எழுதித் தர வேண்டுமாம். எழுதினால் அவனுக்கு ஜெயில்.

"அட்ச்சிக் கொன்னாலும் ஒத்துக்க மாட்டேன் டாக்டரம்மா! நேத்து கெளுத்தி முள்ளு ஏறிச்சு. மாதா மேல கைய வெப்பனா நானு?"

"இது முள் குத்துதான். எழுத மாட்டேன்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் செல்வநாதன் முறைத்தார். "அப்ப வேற யாரு?"

"கோயில் சாவி யாருகிட்ட?"

"கோயிலைத் தெறந்து மூடி பாத்துக்கற கோயில்பிள்ளை அருள்பிரகாசம்கிட்ட. சாவி இருக்கறவன் சன்னலை ஏன் உடைக்கணும்?"

சாட்சி சொல்ல வந்திருந்த கோயில்பிள்ளை, முழுக்கைச் சட்டையும் காலில் துணிக்கட்டுமாக நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். "மாதா மேல சத்தியம், நான் ஒண்ணும் பாக்கல." இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கால்ல என்ன?"

"ஆணி ஏறிட்ச்சி. ரெண்டு நாளா ஜொரம்."

"தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா?"

"இல்லியேம்மா."

"வலது கையைத் தூக்குங்க."

கை தோளுக்கு மேல் எழவில்லை. அவள் அக்குளைத் தொட்டதும் மனிதர் அலறிவிட்டார். சட்டைக் கையை மேலேற்றினாள். முழங்கைக்குக் கீழே சீழ் வைத்த கீறல்.

"காயத்துல புகுந்த கிருமியோட துணுக்குகள் நிணநீரில மிதந்து, வழியில முதல்ல வர்ற நெறிக்குப் போகும். அங்க சில அணுக்கள் அதைப் பிடிச்சு, காத்திருக்கற வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டும். அந்த வெள்ளணுக்கள் பெருகும், நெறி வீங்கும். கால் புண்ணுன்னா தொடை இடுக்குல, கைப் புண்ணுன்னா அக்குள்ல. ஜுரத்துக்குக் காரணம் காட்டக் கால்ல கட்டுப் போட்டவர், நெறியை மறந்துட்டார். வலது கை நெத்திக்கு எழும்பாமத்தானே மாதா பேரைச் சொல்லி இடது கையால சிலுவை போட்டார்? எந்தக் கோயில்பிள்ளை அப்படிச் செய்வார்? சாவி இருக்கறவர் மேலதான் முதல் சந்தேகம் வரும். அதான் சன்னலை உடைச்சார் சார்."

கோயில்பிள்ளை தரையில் உட்கார்ந்தார். "மணிக்கூண்டுல ஒளிச்சு வெச்சிகீறேன்."

லூயிஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றான். முள் குத்திய அதே வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், நிதானமாகச் சிலுவை போட்டான்.

"பாத்துக்கோ சார்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.